முப்பத்தைந்து நிமிடத் தூரம்

புதிதாகச் சேர்ந்திருக்கும் பிள்ளைகளுக்கு ஏதாவது எழுதிக் கொடுங்கள் என்று நம் டிராவல்ஸ் ஆபீசில் கேட்டார்கள். டிக்கெட் போடுவது எப்படி என்று நான் எழுதப் போவதில்லை. அது உங்களுக்கு என்னைவிட நன்றாகவே தெரியும். நான் ஒற்றை விரலால் தட்டித் தேடுவதற்குள் நீங்கள் போர்டிங் பாஸ் வரைக்கும் எடுத்துக் கையில் கொடுத்துவிடுவீர்கள். நான் எழுத வந்தது, டிக்கெட் போடுவதற்கு முன்னால் எதிரில் உட்கார்ந்திருப்பவர் தவறாமல் கேட்கும் ஒரு கேள்வியைப் பற்றி. எம்புட்டு நேரம் ஆகும்க்கா?

சிவகாசிக்காரர்கள் போகிற ஊர்கள் மற்றவர்கள் போகிற ஊர்கள் அல்ல. காலண்டர் ஆர்டர் பிடிக்கப் போகிறவரும், பட்டாசு லோடுக்குப் பின்னாலேயே போகும் கம்பெனி ஆளும் பெரிய நகரத்தோடு நின்றுவிடுவதில்லை. அங்கிருந்து இன்னொரு குட்டி விமானம். அது இறங்குமிடத்தில் ஒரு ஓடுபாதை, ஒரு சின்னக் கட்டடம், நாலு ஜீப். அப்படிப்பட்ட இரண்டு நிலையங்களின் பெயரைத் தட்டினால் இத்தனை கிலோமீட்டர், இத்தனை நிமிடம் என்று திரை உடனே காட்டிவிடும். கேட்டவர் முகம் மலர்ந்துவிடும். நீங்களும் சந்தோஷமாக அதையே படித்துச் சொல்லுவீர்கள். தயவுசெய்து சொல்லாதீர்கள். அது விமானம் காற்றில் இருக்கும் நேரம். மனுஷன் தன் வீட்டு வாசலில் செருப்பைக் கழற்றுவது எப்போது என்பதுதான் கேட்டவருக்கு வேண்டும்.

காரியாபட்டிப் பக்கம் நிலபுலன் உள்ள ஒரு பெரியவர் இருந்தார். மருமகனுக்கு வடக்கே ஒரு மலையூரில் வேலை. தலைதீபாவளிக்கு அழைத்திருந்தார். நம் மேசையில் அப்போதிருந்த பையன் ஒருவன், பறக்கிற நேரம் ஐம்பது நிமிடம் என்று அவரிடம் சொல்லிவிட்டான். பெரியவர் அதை அப்படியே நம்பி, மருமகன் விமானம் ஏறிவிட்டதாகப் போன் வந்ததும் கிடாவை வெட்டிவிட்டார். மாப்பிள்ளை மூன்று விமானம் மாறி வந்து சேர்ந்தது மறுநாள். சுடவைத்த குழம்பைத்தான் சாப்பிட்டாராம். அடுத்த தீபாவளி வரை பெரியவர் நம் ஆபீஸ் படி ஏறவில்லை.

இதைச் சொல்லிச் சிரிக்கலாம். இனிச் சொல்லப் போவதில் சிரிக்க ஒன்றும் இல்லை.

நான் ஓய்வு பெறுவதற்குக் கொஞ்ச காலம் முன்பு, ஒரு மத்தியானம் ஆபீஸ் கண்ணாடி அதிர்ந்தது. நம் ஊரில் அந்தச் சத்தம் கேட்டால் யாரும் என்னவென்று கேட்பதில்லை. தெருவுக்கு வந்து எந்தப் பக்கம் புகை தெரிகிறது என்று பார்ப்பார்கள். பிறகு ஆளாளுக்குப் போனை எடுப்பார்கள். அன்றைக்குப் புகை எம். புதுப்பட்டிப் பக்கம் தெரிந்தது.

சாயங்காலம் பால்பாண்டி வந்தார். ஆனைக்குட்டத்துக்காரர், லோடு வண்டி ஓட்டுபவர். சட்டை முழுக்கக் கரி. அவருடைய தங்கை மாரீஸ்வரி, வெடித்த அந்தப் பட்டாசுக் கம்பெனியில் வேலை பார்த்தவள். மதுரை ஆஸ்பத்திரியில் அவளைச் சேர்த்துவிட்டு நேரே என்னிடம் வந்திருந்தார். மாரீஸ்வரியின் புருஷன் காளிராஜ் வேறொரு கம்பெனியில் ஃபோர்மேன். பள்ளிக்கூடம் போகிற ஒரு மகள் அவர்களுக்கு. வடகிழக்கில் ஒரு மலையூர்த் திருவிழாவுக்கு வாணவேடிக்கை விட, லாரி லோடோடு போய்ப் பத்து நாள் ஆகியிருந்தது. அவரை உடனே வரவழைக்க வேண்டும்.

அவருக்கு என்ன சொல்லியிருக்கிறீர்கள் என்று கேட்டேன்.

"வழுக்கி விழுந்து கால் எலும்பு முறிஞ்சிருச்சு, ஆபரேஷனுக்கு ஒரு கையெழுத்து வேணும்னு சொல்லியிருக்கேன். நீங்களும் அப்படியே சொல்லிருங்கக்கா. உள்ளது தெரிஞ்சா மச்சான் வந்து சேர மாட்டாக."

இது நம் பக்கத்துப் பழக்கம், உங்களுக்கும் தெரியும். தூரத்தில் இருப்பவருக்கு உள்ளதைச் சொல்ல மாட்டோம். இங்கே ஆள் போய்ச் சேர்ந்திருந்தால் அங்கே சீரியஸ் என்போம். சீரியஸாக இருந்தால் லேசாகக் காய்ச்சல் என்போம். வருகிற வழியில் மனசு உடைந்து ஏதும் ஆகிவிடக் கூடாதே என்ற அக்கறைதான். நான் போட்ட அவசர டிக்கெட்டுகளில் பாதி இந்தப் பொய்யின் மேல் போட்டவை. அதனால் அன்றைக்கும் தலையை ஆட்டிவிட்டு வழி தேட ஆரம்பித்தேன்.

அந்த மலையூரில் ஒரு நிலையம். ஆற்றுப் படுகையில் இன்னொரு நிலையம். பெயர்களை விடுங்கள், மேட்டு நிலையம், ஆற்று நிலையம் என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் நடுவே வானத்தில் நூற்றுச் சொச்சம் கிலோமீட்டர், முப்பத்தைந்து நிமிடம். பத்தொன்பது பேர் உட்காரும் விமானம், அதுவும் வாரத்தில் சில நாட்கள் மட்டும். நல்லவேளையாக மறுநாள் காலையில் ஒன்று இருந்தது. ஆற்று நிலையத்தில் மாறினால் கொல்கத்தா, அங்கிருந்து சென்னை, பிறகு மதுரை. எல்லாம் சரியாக அமைந்தால் மறுநாள் ராத்திரி ஆஸ்பத்திரி வாசலில் நிற்கலாம். பால்பாண்டி முப்பத்தைந்து நிமிடத்தைத் திரையில் பார்த்துவிட்டார். அதையே திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டு மதுரைக்குக் கிளம்பிப் போனார்.

காளிராஜுக்கு நான் போன் செய்தேன். விமான விவரம் சொன்னேன். பட்டாசு வேலைக்காரர்கள் எல்லோரிடமும் சொல்வதை அவரிடமும் சொன்னேன். வேலைக்குக் கொண்டுபோகிற பையைத் தூக்கிக்கொண்டு வராதீர்கள், கடையில் ஒரு புதுப் பை வாங்குங்கள், வேலைத்துணி ஒன்றுகூட உள்ளே இருக்கக் கூடாது, நகக்கண் வரைக்கும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள் என்றேன். பட்டாசுக்குள் போகும் கலவையை நாம் மருந்து என்கிறோம். அந்த மருந்துத் தூசி துணியில் ஏறினால் லேசில் போகாது. விமான நிலையத்தில் ஒரு துண்டுத் துணியால் பையைத் துடைத்து மெஷினுக்குள் வைப்பார்கள். துளி இருந்தாலும் மெஷின் கத்தும்.

அவர் சரிக்கா, சரிக்கா என்றார். ஷோ நல்லபடியாக முடிந்ததாம். மலையே அதிர்ந்ததாம். அவளுக்குக் கால்வலி அதிகமா என்று ஒரு தடவை கேட்டார். நான் பரவாயில்லை என்றேன். பையைப் பற்றி நான் சொன்னதும் அதே பரவாயில்லைக் குரலில்தான் அவருக்குப் போய்ச் சேர்ந்திருக்கும்.

மறுநாள் காலை மதுரையிலிருந்து பால்பாண்டி பேசினார். மாரீஸ்வரி தெளிவாகப் பேசுகிறாள் என்றார். தீக்காயத்தில் இது ஒரு கொடுமை, முதல் நாளில் பலர் நன்றாகவே பேசுவார்கள். பார்க்கிறவர்கள் பிழைத்துவிட்டாள் என்று நினைத்துக்கொள்வார்கள். ஆனால் டாக்டரம்மா அவரைத் தனியே கூப்பிட்டு, முகமும் தொண்டையும் வீங்கிக்கொண்டே வருகிறது, மூச்சுக்குழாய்க்குள் டியூப் போட வேண்டியிருக்கும், போட்ட பிறகு பேச முடியாது என்று சொல்லியிருக்கிறார். முடிந்தவரைக்கும் புருஷன் வருகிற வரை பார்க்கலாம், எப்போது வருவார் என்று கேட்டிருக்கிறார். பால்பாண்டி இன்றைக்கு ராத்திரி என்று சொல்லியிருக்கிறார். மாரீஸ்வரி அவுக எங்கன வாராக என்று கேட்டபடியே இருக்கிறாளாம். பிளேனில் வந்துகொண்டிருக்கிறார் என்று இவர் சொல்லிவிட்டாராம்.

அந்த நேரத்தில் காளிராஜ் விமானத்தில் இல்லை.

கொஞ்ச நேரத்தில் அவரே எனக்குப் பேசினார். குரலில் பதற்றமே கிடையாது. பழைய பையைத்தான் எடுத்து வந்திருக்கிறார். மலையூரில் அந்த நேரத்துக்குக் கடை எது என்று தேடப் போகவில்லை. மெஷின் கத்தியிருக்கிறது. என்ன வேலை என்று கேட்டதற்கு, தெரிந்த இந்தியில் படாக்கா என்று சொல்லியிருக்கிறார். பட்டாசு என்று சொன்னால் புரிந்துகொண்டு விட்டுவிடுவார்கள் என்று நினைத்தாராம். அதற்குப் பிறகு சட்டையைத் துடைத்தார்கள், கையைத் துடைத்தார்கள், எல்லாவற்றுக்கும் மெஷின் கத்தியது. பெரிய அதிகாரி வந்து பார்க்கட்டும் என்றார்கள். மலையில் மேகம் கூடிக்கொண்டு வந்ததால் விமானி காத்திருக்க முடியாது என்றார். அங்கே யார் மேலும் நான் குற்றம் சொல்ல மாட்டேன். அவர்கள் வேலையை அவர்கள் பார்த்தார்கள்.

"மத்தவங்க லேட்டாகக் கூடாதுன்னு நாந்தான் ஒதுங்கி நின்னு வழி விட்டேன்க்கா. அவசரமில்ல, அடுத்ததுல போட்டுக் குடுங்க. காலுதானே, ரெண்டு நாள் தாங்கிக்கிடுவா."

வேலைக்காலம் முழுக்க எத்தனையோ பேர் என்னைத் திட்டியிருக்கிறார்கள், என் முன்னால் அழுதிருக்கிறார்கள். அந்தப் பொறுமையான குரலைப் போல எதுவும் என்னை உலுக்கியதில்லை. பையை அங்கேயே போட்டுவிட்டு, துணி மாற்றிக்கொண்டு, அதிகாரி காலில் விழுந்தாவது ஏறியிருக்கக்கூடிய மனுஷன். அவசரம் இருப்பது அவருக்குத் தெரியாது. அவர் வந்து சேர வேண்டும் என்று சொன்ன பொய்தான் அவரை ஓரமாக நிறுத்திவிட்டது.

அடுத்த விமானம் இரண்டு நாள் கழித்து. ரோட்டு வழியாக மலையைச் சுற்றி இறங்கினால், மண் சரியாமல் இருந்தால், ராத்திரிக்குள் ஆற்று நிலையம். அங்கிருந்து மறுநாள் காலை விமானம். மதுரைக்கு வர அன்று ராத்திரி. ஒரு முழுநாள் தள்ளிப்போய்விட்டது. கொஞ்ச நேரத்தில் பேசுகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டுப் பால்பாண்டியைக் கூப்பிட்டேன். நாளை ராத்திரிதான் என்றேன். அதுவரை டாக்டரம்மா காத்திருக்க மாட்டார் என்பது அவருக்கும் தெரியும். நீங்கள் இப்போதே மச்சானுக்கு உள்ளதைச் சொல்லி, போனை அவள் காதில் வையுங்கள் என்றேன்.

அவர் முடியவே முடியாது என்றார்.

"அந்த மலையில தனியா நிக்காருக்கா. தெரிஞ்சா எங்கிட்டாச்சும் குதிச்சிருவாரு. தங்கச்சியத் தீயில குடுத்தாச்சு, மச்சானையும் குடுக்கச் சொல்றீகளா?"

சொல்லிவிட்டு வைத்துவிட்டார். அவர் பயந்ததில் தப்பில்லை. நானும் பயந்தேன். இது குடும்ப விஷயம், டிக்கெட் போடுகிறவளுக்கு இதில் என்ன வேலை என்றும் தோன்றியது. ஒரு காரை ஏற்பாடு செய்துவிட்டு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். யாரும் என்னைக் கேள்வி கேட்டிருக்க மாட்டார்கள். ஆனால் நாளை ராத்திரி அந்த மனுஷன் வந்து நிற்கும்போது பேச முடியாத ஒருத்தி படுத்திருப்பாள். நேற்று வரைக்கும் பேசினாள் என்று யாராவது அவரிடம் சொல்லத்தான் போகிறார்கள். அதை என்னால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

பிள்ளைகளே, இந்த இடத்தைக் கவனமாகப் படியுங்கள். உள்ளதைச் சொல்வதென்று முடிவு செய்த பிறகும் நான் உடனே சொல்லிவிடவில்லை. காளிராஜைக் கூப்பிட்டு, பக்கத்தில் நிற்கும் அதிகாரியிடம் போனைக் கொடுங்கள் என்றேன். எனக்கு இந்தி அரைகுறை, இங்கிலீஷ் முக்கால்குறை. இவருடைய மனைவி தீயில் வெந்து கிடக்கிறாள், இவருக்குத் தெரியாது, இப்போது நான் சொல்லப் போகிறேன், இவரைத் தனியாக விடாதீர்கள், கீழே போக ஒரு வண்டி வேண்டும் என்று எப்படியோ சொல்லி முடித்தேன். பிறகு நாற்காலி இழுக்கும் ஓசை கேட்டது. பாதுகாப்புக்கு நின்ற ஆள்தான், இவரை நிறுத்திவைத்த அதே ஆள், தன் நாற்காலியில் இவரை உட்காரவைத்திருக்கிறார்.

"காளிராஜ், மாரீஸ்வரிக்குக் கால்ல அடி இல்ல. கம்பெனியில தீப்பிடிச்சிருச்சு. இப்ப நல்லாப் பேசுறா. இன்னும் கொஞ்ச நேரத்துல டியூப் போட்ருவாங்க, அப்புறம் பேச முடியாது. மச்சினனுக்குப் போனைப் போட்டு அவகிட்டக் குடுக்கச் சொல்லுங்க."

அவர் கத்தவில்லை. எம்புட்டுக்கா என்று கேட்டார். நம் ஊரில் தீக்காயம் என்றால் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி அதுதான், எத்தனை சதவீதம் என்று. நான் மறைக்காமல் சொன்னேன். ஃபோர்மேன் அவர், அந்த எண்ணுக்கு என்ன அர்த்தம் என்று அவருக்கு விளக்க வேண்டியதில்லை. சரிக்கா என்று சொல்லிவிட்டு வைத்தார்.

அவர் அழைத்ததும் பால்பாண்டியால் மறுக்க முடியவில்லை. மாரீஸ்வரியின் கைகளில் கட்டு என்பதால் இவர்தான் போனைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறார். அவர்கள் பேசி முடித்துச் சற்று நேரத்தில் அவளுக்கு மூச்சு இழுக்க ஆரம்பித்தது. டாக்டரம்மா டியூப் போட்டுவிட்டார். அந்தப் பாதுகாப்பு ஆள் யாரையோ பிடித்து ஒரு வண்டி ஏற்பாடு செய்து, கூடவே ஒருவரையும் அனுப்பி, காளிராஜைக் கீழே இறக்கிவிட்டார். நான் சொன்னபடி மறுநாள் ராத்திரி அவர் மதுரை வந்து சேர்ந்தார். அதன் பிறகு மாரீஸ்வரி இரண்டு நாள்தான் உயிரோடு இருந்தாள். கண் திறக்கவில்லை.

பால்பாண்டி இன்றுவரை என்னோடு பேசுவதில்லை. போனில் புருஷன் அழுததைக் கேட்டதால்தான் தங்கைக்கு மூச்சு முட்டியது, இல்லையென்றால் இன்னும் கொஞ்சம் தாங்கியிருப்பாள் என்பது அவர் எண்ணம். கடைவீதியில் எதிரே வந்தால் வேறு பக்கம் பார்த்துக்கொண்டு போவார். அவர் நினைப்பது தப்பு என்று டாக்டரம்மா சொல்லலாம், நான் எப்படிச் சொல்வேன்? நல்ல முடிவு எடுத்தால் எல்லோரும் கையைப் பிடித்து நன்றி சொல்லுவார்கள் என்று எதிர்பார்த்து இந்த மேசைக்கு வராதீர்கள். எனக்கு அவர் மேல் கோபம் இல்லை, வருத்தம் மட்டும் இருக்கிறது.

அடுத்த சீசன் தொடங்கும்போது காளிராஜ் ஆபீசுக்கு வந்தார். நான் ஓய்வு பெறப் போகிற வருஷம். அதே திருவிழாவுக்கு மறுபடியும் அவரையே அனுப்பச் சொல்லிக் கேட்டிருந்தார்களாம். புதுப் பை ஒன்று கையில் வைத்திருந்தார். அந்தப் போனில் என்ன பேசினார்கள் என்று நான் அதுவரை கேட்டதில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை. அவரே சொன்னார்.

"எங்கன இருக்கீகன்னு கேட்டா. மலையிலதான் நிக்கேன், பிளேன விட்டுட்டேன்னு சொன்னேன். பெறகு, உங்களுக்குப் பாப்பா தலையப் பின்னத் தெரியாது, முடிய வெட்டி விட்ருங்கன்னு சொன்னா. அம்புட்டுத்தான்க்கா பேசுனா."

அவர் மேசை விளிம்பைத் தடவிக்கொண்டே, முடியை வெட்டவில்லை என்றும், பக்கத்து வீட்டு அம்மாவிடம் உட்கார்ந்து பின்னப் படித்துக்கொண்டதாகவும் சொன்னார். முதலில் ஒரு பக்கம் ஏறி ஒரு பக்கம் இறங்கி இருக்குமாம். இப்போது பள்ளிக்கூடத்தில் டீச்சரே நல்லா இருக்குன்னு சொன்னார்களாம்.

பிறகு அந்தக் கேள்வியைக் கேட்டார். போய்விட்டு வர எம்புட்டு நேரம் ஆகும் என்று.

மேட்டு நிலையத்துக்கும் ஆற்று நிலையத்துக்கும் நடுவே முப்பத்தைந்து நிமிடம் என்று திரையில் அப்படியேதான் இருந்தது. நான் அதைப் படித்துச் சொல்லவில்லை. போக இரண்டு நாள், ஷோவுக்கு இரண்டு நாள், வர இரண்டு நாள், மழை வந்தால் அதற்கு மேலே எத்தனை என்று சொல்ல முடியாது என்றேன். அவர் விரல்களை மடக்கி ஏதோ கணக்குப் பார்த்தார். ஆர்டரை எண்ணுகிறார் என்று நினைத்தேன். அவர் பள்ளிக்கூட நாட்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

"அப்ப வேணாம்க்கா," என்று எழுந்துகொண்டார். "அம்புட்டு நாளு பாப்பாவுக்கு யாரு பின்னி விடுவா?"